புள்ளியும் இரும்பும்

என் தாய்மாமா 1980-களின் தொடக்கத்தில் தேசிய சேவைக்குப் போனவர். அவர் கையில் இருந்தது எம்16. நான் போனபோது சார் 21. புலாவ் தெக்கோங்கில் முதல் ரேஞ்ச் முடிந்து வார இறுதியில் வீட்டுக்கு வந்த அன்று, மாமா தேநீர்க் கோப்பையோடு எதிரே வந்து உட்கார்ந்தார். "எத்தனை விழுந்துச்சு?" என்றார். சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்களுக்கு என்னப்பா, துப்பாக்கியிலயே கண்ணாடி வச்சுக் குடுத்துட்டாங்க. நாங்கல்லாம் குச்சியப் பாத்துச் சுட்டவங்க. விழலைன்னா போபோன்னு பேர் வச்சிருவானுங்க" என்றார்.

அவர் சொன்னது சரிதான். சார் 21-இன் மேல்பிடிக்குள்ளேயே 1.5 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் தொலைநோக்கி இருக்கிறது. குச்சியைப் பார்த்துச் சுடுவது என்றால் என்ன என்று எனக்கு அப்போது தெரியாது. அது தெரிந்தது பல்கலைக்கழகத்தில். பொறியியல் படிப்பின் இரண்டாம் ஆண்டில் ஏர் பிஸ்டல் கிளப்பில் சேர்ந்தேன். 10 மீட்டர் தூரத்தில் ஒரு காகித இலக்கு. முதல் நாளே பயிற்சியாளர் ஒரு விஷயத்தைச் சொன்னார்: இலக்கைப் பார்க்காதே. இலக்கு மங்கலாகத்தான் தெரிய வேண்டும். துப்பாக்கியின் நுனியில் இருக்கும் குச்சி மட்டும் தெளிவாகத் தெரிய வேண்டும். இலக்கு தெளிவாகத் தெரிந்தால் நீ தப்பாகப் பார்க்கிறாய்.

எனக்கு இது ஒப்பவே இல்லை. சின்ன வயதிலிருந்து நாம் கேட்ட கதை வேறு. துரோணர் மரத்தில் பறவை பொம்மையை வைத்துவிட்டு ஒவ்வொருவரிடமும் கேட்கிறார், என்ன தெரிகிறது என்று. மரம் தெரிகிறது, கிளை தெரிகிறது, நீங்கள் தெரிகிறீர்கள் என்று சொன்னவர்கள் எல்லாம் ஒதுக்கப்படுகிறார்கள். பறவை மட்டும்தான் தெரிகிறது என்று சொன்ன அர்ஜுனன் ஜெயிக்கிறான். தமிழ் வகுப்பில், கோயில் கதாகாலட்சேபத்தில், மேடைப் பேச்சில், தன்முன்னேற்றப் புத்தகத்தில் என்று எல்லா இடத்திலும் இந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன். ஆனால் என் பயிற்சியாளர் துரோணராக இருந்திருந்தால் அர்ஜுனனைத்தான் முதலில் வெளியே அனுப்பியிருப்பார். பறவை மங்கலாத் தெரியணும் தம்பி, அம்பு நுனியப் பாரு என்று.

யார் சொன்னது சரி? இந்தக் கேள்விக்குப் பின்னால் போனபோதுதான் போட்டித் துப்பாக்கிகளின் மேல் ஒளிரும் ஒரு சிவப்புப் புள்ளியின் வரலாறு கிடைத்தது. நான் நினைத்ததைவிடப் பழைய வரலாறு அது. என் வேலையில் நான் எடுத்த ஒரு முடிவையும் அது வந்து தொட்டது.

மூன்று தூரங்கள், ஒரு கண்

கைத்துப்பாக்கியின் மேல் இரண்டு இரும்புத் துண்டுகள் இருக்கும். கண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது பின் சைட். நடுவில் சதுரமாக வெட்டிய ஒரு பள்ளம். நுனியில் இருப்பது முன் சைட். மாமா சொன்ன குச்சி. பள்ளத்தின் நடுவில் குச்சி நிற்க வேண்டும், இரண்டு பக்கமும் சமமாக வெளிச்சம் தெரிய வேண்டும், இரண்டின் தலையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், அதற்கு மேல் இலக்கு உட்கார வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரையே நாமும் சொல்கிறோம்: அயர்ன் சைட்.

சிக்கல் என்னவென்றால், பின் சைட் கண்ணிலிருந்து கைநீளத்தில் இருக்கிறது, முன் சைட் அதைவிட ஒரு சாண் தள்ளி, இலக்கு 10 அல்லது 25 மீட்டருக்கு அப்பால். மனிதக் கண்ணால் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தில்தான் குவிய முடியும். மூன்றில் இரண்டு எப்போதும் மங்கல்.

எது மங்கலாக இருந்தால் பரவாயில்லை? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு சைட்டுகளுக்கும் இடையே 16 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முன் சைட் பள்ளத்தின் நடுவிலிருந்து அரை மில்லிமீட்டர் விலகினால், 25 மீட்டரில் குண்டு 78 மில்லிமீட்டர் தள்ளி விழும். ஆனால் சைட்டுகள் சரியாக இருந்து, மங்கலான இலக்கின் நடுவை 2 சென்டிமீட்டர் தப்பாகக் கணித்தால், குண்டும் 2 சென்டிமீட்டர்தான் தப்பும். அதாவது சைட்டில் செய்யும் தவறு பெருகிப் போகிறது, இலக்கில் செய்யும் தவறு அப்படியே நிற்கிறது. என் பயிற்சியாளர் சொன்னதன் நியாயம் இவ்வளவுதான்.

இந்தப் பாடம் வேகப் போட்டிகளுக்குள் வந்த விதம் சுவாரசியமானது. 1950-களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியாவின் பிக் பேர் என்ற மலை ஊரில் 'லெதர்ஸ்லாப்' என்ற போட்டி நடந்தது. கவ்பாய் படங்களில் வருவதுபோல இடுப்பிலிருந்து உருவி, இடுப்பு மட்டத்திலேயே சுடுவதுதான் வேகம் என்று எல்லோரும் நம்பிய காலம். ஜாக் வீவர் என்ற துணை ஷெரீஃப் துப்பாக்கியை இரண்டு கையாலும் பிடித்து, கண் மட்டத்துக்கு உயர்த்தி, சைட்டைப் பார்த்துச் சுட்டார். மற்றவர்கள் வேகமாகத் தவறவிட்டார்கள். அவர் கொஞ்சம் நிதானமாக அடித்து ஜெயித்தார். அதைக் கவனித்து எழுதி ஒரு பள்ளியாகவே ஆக்கியவர் ஜெஃப் கூப்பர். 1976-இல் மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் ஐபிஎஸ்சி என்ற சர்வதேச அமைப்பு உருவானபோது முதல் தலைவரும் அவர்தான்.

அந்த அமைப்பின் கணக்கு முறை எளிமையானது: பெற்ற புள்ளிகளை எடுத்துக்கொண்ட வினாடிகளால் வகு. 100 புள்ளியை 20 வினாடியில் எடுத்தால் 5. அதே 100-ஐ 16 வினாடியில் எடுத்தால் 6.25. குறி முக்கியம், வேகமும் அதே அளவு முக்கியம். இந்த வகுத்தல்தான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் காரணம்.

டப்ளினிலிருந்து வந்த கண்ணாடி

சிவப்புப் புள்ளியின் கதை துப்பாக்கித் தொழிற்சாலையில் தொடங்கவில்லை. டப்ளினில், வானியல் தொலைநோக்கிகள் செய்த ஒரு பட்டறையில் தொடங்கியது. ஹோவர்ட் கிரப், 1844-இல் பிறந்தவர். அப்பா தாமஸும் தொலைநோக்கி செய்தவர். தமிழ்நாட்டோடும் அந்தப் பட்டறைக்கு ஒரு தொடர்பு உண்டு. புனேயில் இருந்த கிரப்பின் 20 அங்குலப் பிரதிபலிப்புத் தொலைநோக்கி, அங்கிருந்த வானாய்வகம் மூடப்பட்டபோது, 1912-இல் கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்தது.

1900-இல் கிரப் ஒரு காப்புரிமை எடுத்தார். அடுத்த ஆண்டு ராயல் டப்ளின் சொசைட்டியில் அதைப் பற்றி ஒரு கட்டுரையும் கொடுத்தார். யோசனை இதுதான். ஒரு லென்சின் குவியத்தில் ஒரு குறியை வைத்தால், அதிலிருந்து வரும் ஒளிக்கதிர்கள் லென்சைத் தாண்டியதும் இணையாகப் போகும். நட்சத்திரத்திலிருந்து வரும் ஒளியும் இணையாகத்தான் வருகிறது. ஆகவே அந்தக் குறி நட்சத்திரத்தைப்போல முடிவிலாத் தொலைவில் இருப்பதாகக் கண் எடுத்துக்கொள்ளும். அந்தக் கதிர்களை ஒரு சாய்வான கண்ணாடித் தகட்டில் பட்டுத் திரும்ப வைத்தால், அதே தகட்டின் வழியாகத் தெரியும் இலக்கின் மேல் குறி மிதக்கும். இலக்கும் குறியும் ஒரே குவியத்தில். தலையைக் கொஞ்சம் அசைத்தாலும் குறி இலக்கைவிட்டுப் பெரிதாக விலகாது. வரிசைப்படுத்தப் பள்ளமும் இல்லை, குச்சியும் இல்லை.

மூன்று தூரங்களில் தவித்த கண்ணுக்கு இப்போது ஒரே தூரம். அர்ஜுனன் பறவையைப் பார்க்கலாம்.

ஆனால் கைத்துப்பாக்கிக்கு வர அதற்கு 70 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. காரணம் வெளிச்சம். அந்தக் குறியை ஒளிர வைக்க ஒரு விளக்கு வேண்டும், விளக்குக்கு மின்சாரம் வேண்டும். அதைச் சுமக்கக்கூடிய இடம் விமானம்தான். முதல் உலகப் போரின் கடைசி ஆண்டில் சில ஜெர்மன் போர் விமானங்களில் இந்த வகை சைட் பொருத்தப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் எல்லாத் தரப்பு விமானங்களிலும் இருந்தது.

நான் நின்று யோசித்த இடம் அங்கே ஒன்று உண்டு. பி-40 போன்ற அமெரிக்க விமானங்களின் படங்களைப் பார்த்தால், விமானியின் முன்னால் அந்தக் கண்ணாடி சைட் இருக்கும். அதோடு வெளியே மூக்கின் மேல் ஓர் இரும்பு வளையமும் ஒரு குண்டூசித் தலையும் இருக்கும். பல்பு எரிந்துபோனால்? மின்சாரம் போனால்? அப்போது வளையத்தின் வழியாகக் குண்டூசியைப் பார்த்துச் சுட வேண்டியதுதான். புள்ளியோடு இரும்பும் வேண்டுமா என்ற கேள்வி 1940-களிலேயே வானத்தில் பறந்துகொண்டிருந்தது.

விளக்குப் பிரச்சினையைத் தீர்த்தது எல்இடி. 1962-இல் ஜெனரல் எலக்ட்ரிக்கில் வேலைபார்த்த நிக் ஹோலோன்யாக், கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியை உமிழும் டையோடைச் செய்துகாட்டினார். ஊசிமுனை அளவு ஒளி, மிகக் குறைந்த மின்சாரம், எரிந்துபோக இழை கிடையாது. 1970-களின் நடுவில் ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் நிறுவனம் இரண்டையும் சேர்த்தது. குழாய்க்குள் ஒரு வளைந்த கண்ணாடி, அதன் குவியத்தில் ஒரு எல்இடி. கண்ணாடியின் பூச்சு சிவப்பை மட்டும் கண்ணுக்குத் திருப்பி அனுப்பும், மற்ற நிறங்களை உள்ளே விடும். அதனால்தான் அதன் வழியாகப் பார்த்தால் உலகம் லேசாக நீலம் பாய்ந்ததுபோல் தெரிகிறது. 1975-இல் விற்பனைக்கு வந்தபோது அதை வாங்கியவர்கள் ஓடும் விலங்கைச் சுடும் வேட்டைக்காரர்கள். பிஸ்டல் போட்டியாளர்கள் இன்னும் குச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடிலெய்ட், 1990

1980-களில் அமெரிக்கப் போட்டியாளர்கள் பிஸ்டலில் கைவைக்காத இடமே இல்லை. ராப் லேதம் போன்றவர்கள் உலகப் பட்டத்தை மீண்டும் மீண்டும் வென்ற காலம். குழாயின் நுனியில் வாயுவை மேலே திருப்பும் கம்பென்சேட்டர் வந்தது, குண்டின் வகை மாறியது, கை பிடிக்கும் முறை மாறியது. சைட் மட்டும் அப்படியே இருந்தது. புள்ளியைப் பற்றிய சந்தேகங்கள் நியாயமானவையே. துப்பாக்கியை உருவி உயர்த்தியதும் இரும்புக் குச்சி உடனே கண்ணில் படும். கோணம் கொஞ்சம் தவறினாலும் அது எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று தெரியும். புள்ளி அப்படியல்ல. கோணம் தவறினால் கண்ணாடிக்குள் ஒன்றுமே இருக்காது. வெறும் ஜன்னல். புள்ளியைத் தேடிக்கொண்டிருக்கும் அரை வினாடியில் போட்டி போய்விடும்.

1990-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஐபிஎஸ்சியின் உலகப் போட்டி நடந்தது. டக் கோனிக் என்ற அமெரிக்கர் வென்றார். அவருடைய துப்பாக்கியின் மேல் ரெட் டாட் இருந்தது. அதே ஆண்டு பியாங்கி கப் போட்டியில் 1920-க்கு 1920 எடுத்த முதல் ஆளும் அவரே. அதற்கு மேல் வாதாட ஒன்றும் இல்லை. புள்ளியைத் தேடும் அரை வினாடி, பயிற்சியால் சரிசெய்யக்கூடிய குறை. மூன்று தூரங்களில் தவிக்கும் கண்ணின் குறையைப் பயிற்சியால் சரிசெய்ய முடியாது.

அடுத்து நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. புதியது வென்றவுடன் பழையதைத் தூக்கி எறியவில்லை, புதியதைத் தடைசெய்யவும் இல்லை. போட்டியைப் பிரித்துவிட்டார்கள். எல்லாம் அனுமதிக்கப்பட்ட ஓப்பன் பிரிவு ஒன்று, இரும்பு மட்டும் அனுமதிக்கப்பட்ட ஸ்டாண்டர்ட் பிரிவு இன்னொன்று. எஃப்1 காருக்கும் சாலையில் ஓடும் காருக்கும் ஒரே பந்தயம் வைக்க முடியாது என்பதுபோல.

ஒலிம்பிக்கை நடத்தும் ஐஎஸ்எஸ்எஃப் வேறு வழியில் போனது. அதன் பிஸ்டல் போட்டிகளில் இன்றும் திறந்த இரும்பு சைட் மட்டுமே. ஒளிப்புள்ளிக்கு அனுமதியே இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுஃப் டிகெச் ஒரு கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, சாதாரணக் கண்ணாடியோடு வெள்ளி வாங்கிய படத்தை நீங்களும் பகிர்ந்திருப்பீர்கள். அவரும், அதே போட்டியில் வெண்கலம் வென்ற மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் பார்த்தது நான் பல்கலைக்கழகத்தில் பார்த்த அதே குச்சியைத்தான்.

ஓப்பன் பிரிவுத் துப்பாக்கிகளில் அப்போது இரும்பு வேண்டுமா என்ற கேள்வியே எழவில்லை. புள்ளிக் குழாய் பெரியது. அதைத் துப்பாக்கியின் சட்டத்தில் ஒரு தாங்கி வைத்துப் பொருத்தினார்கள். அதன் அடியில் ஸ்லைடு, அதாவது ஒவ்வொரு முறை சுடும்போதும் பின்னால் போய் முன்னால் வரும் மேல்பகுதி, தனியாக ஓடும். குழாய் வழியை முழுக்க அடைத்துவிட்டதால் இரும்பு சைட் இருந்தாலும் தெரியாது. எனவே கழற்றினார்கள். பேட்டரி தீர்ந்தால் தோற்பார்கள். அவ்வளவுதான். அதை ஏற்றுக்கொண்டுதான் களத்தில் இறங்கினார்கள்.

ஸ்லைடின் மேல் ஏறிய புள்ளி

கேள்வி திரும்பி வந்தது, புள்ளி சிறிதானபோது. கட்டைவிரல் நுனியளவு சைட்டுகள் வந்தன. 2009-இல் ட்ரிஜிகான் ஆர்எம்ஆர் வந்தபிறகு, அவற்றை ஓடும் ஸ்லைடின் மேலேயே திருகி வைப்பது பரவலானது. முதலில் தனிப் பட்டறைகள் ஸ்லைடைக் குடைந்து பொருத்திக் கொடுத்தன. 2015-இல் க்ளாக் நிறுவனம் தொழிற்சாலையிலேயே அதற்கான இடம் வெட்டிய மாடல்களை விற்கத் தொடங்கியது. 2010-களின் நடுவில் அமெரிக்க அமைப்பு கேரி ஆப்டிக்ஸ் என்ற புதிய பிரிவைத் தொடங்கியது. தொடர்ந்து ஐபிஎஸ்சி தொடங்கியது புரொடக்‌ஷன் ஆப்டிக்ஸ். கடையில் வாங்கும் துப்பாக்கி, அதன் ஸ்லைடின் மேல் ஒரு புள்ளி. 2022 நவம்பரில் பட்டாயாவில் நடந்த உலகப் போட்டியில் அதுவும் ஒரு பிரிவாக இருந்தது.

பொறியாளனாக எனக்கு இது பயமுறுத்தும் ஏற்பாடு. நல்ல வேகத்தில் பின்னால் போகும் ஓர் எஃகுத் துண்டு, முட்டி நின்று, திரும்பி, மறுபடி முட்டி நிற்கிறது. அதன் முதுகில் ஒரு சர்க்யூட் போர்டும் பட்டன் பேட்டரியும் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு போட்டிக்கு நூற்றுக்கணக்கான தடவை, ஓர் ஆண்டுப் பயிற்சியில் பல்லாயிரம் தடவை. திருகு தளரும். பேட்டரியின் தொடுமுனை ஒரு கணம் விலகும். பற்றவைப்பு விரிசல் விடும். இன்று சில மாடல்களுக்கு 50,000 மணி நேரப் பேட்டரி ஆயுள் சொல்கிறார்கள். அதாவது ஐந்தரை ஆண்டுக்கும் மேல். பேட்டரி பிழைக்கலாம். தொடுமுனை பிழைக்குமா?

சாதாரண உயரமுள்ள இரும்பு சைட்டுகள் புள்ளிப் பெட்டிக்குப் பின்னால் மறைந்துவிடும். ஆகவே சைலன்சர் மாட்டிய துப்பாக்கிகளுக்காகச் செய்த உயரமான சைட்டுகளைப் பொருத்தினார்கள். கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் குச்சியும் பள்ளமும் எட்டிப் பார்க்கும், புள்ளி அதன்மேல் உட்கார்ந்திருக்கும். போட்டியாளர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள்.

வேண்டும் என்பவர்களின் கட்சி: புள்ளி செத்தால் ஆட்டம் தொடரும். துப்பாக்கி பழுதானதற்காக மறுபடி சுட வாய்ப்புத் தருவதில்லை, கடிகாரம் ஓடிக்கொண்டேயிருக்கும். புதிதாகப் பழகுகிறவர்களுக்குக் குச்சி வழிகாட்டும். அதை இலக்கில் நிறுத்தினால் புள்ளி தானாகக் கண்ணாடிக்குள் வந்துவிடும். தரையில் விழுந்து சைட் அசைந்துவிட்டதா என்றும் இரும்பை வைத்து ஒரு பார்வையில் சரிபார்க்கலாம்.

வேண்டாம் என்பவர்களின் கட்சி: சின்ன ஜன்னலின் கீழ்ப்பகுதியை இரும்பு அடைக்கிறது. தாழ்ந்த இலக்குகள் மறைகின்றன. அதைவிட முக்கியம், கண் பழக்கத்துக்கு அடிமை. பத்து வருடம் குச்சியைப் பார்த்த கண், குச்சி இருந்தால் அங்கேதான் போகும். பிறகு புள்ளியைக் குச்சியின் தலையில் உட்கார வைக்கப் பார்க்கும். இலக்கைப் பார்க்க வேண்டிய கண் மறுபடி துப்பாக்கிக்குத் திரும்பும். புள்ளி கொடுத்த ஒரே நன்மை போய்விடும்.

இரண்டாவது கட்சியின் வாதத்தைப் படித்தபோது எனக்குச் சட்டென்று உறைத்தது. மாற்று ஏற்பாடு என்றால் எடை கூடும், காசு கூடும் என்று மட்டும்தான் நாங்கள் கணக்கிடுவோம். அது கவனத்தையும் தின்னும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

செத்த புள்ளி

போன ஆண்டு வேலை நிமித்தமாகத் தாய்லாந்து போயிருந்தேன். உடன் வேலைபார்த்த தாய் பொறியாளர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை தன் கிளப்பில் நடக்கும் உள்ளூர்ப் போட்டிக்கு என்னைப் பார்வையாளனாகக் கூட்டிப்போனார். வெயில், மண் மேடு, காகித இலக்குகள், எஃகுத் தட்டுகள். நம் கம்பத்துக் கால்பந்துப் போட்டி போலத்தான் இருந்தது. எல்லோரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள்.

ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர். மூக்கின் நுனியில் கண்ணாடி. அவர் துப்பாக்கியில் புள்ளி மட்டும்தான், இரும்பு இல்லை. பாதி ஆட்டத்தில் அவர் ஒரு கணம் நின்றார். பக்கத்திலிருந்த நண்பர், "டாட் போயிருச்சு" என்றார். அவர் நின்றது ஒரு கணம்தான். அருகிலிருந்த இலக்குகளை வெறும் ஜன்னலுக்குள் சட்டம்போட்டு நிறுத்திச் சுட்டார், பெரும்பாலும் விழுந்தது. தூரத்து எஃகுத் தட்டுகள் இரண்டு கடைசிவரை விழவில்லை. ஒவ்வொரு தவறுக்கும் 10 புள்ளி கழியும். மற்றவர்கள் 6-க்கு மேல் எடுத்த இடத்தில் அவருக்கு 4-கூட வரவில்லை.

முடிந்ததும் நண்பரிடம் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டேன், இரும்பு ஏன் வைக்கவில்லை என்று. அவர் சிரித்தார். "நாற்பத்தைந்து வயசுக்கு மேல முன் சைட் எனக்கு மங்கிப்போச்சு. சுடுறதையே விட்டுட்டேன். புள்ளி வந்தப்புறம்தான் திரும்பி வந்தேன். இரும்பு இருந்தாலும் எனக்குத் தெரியாதே, எதுக்கு?" வேறு பேட்டரி போட்டுப் பார்த்தார், புள்ளி எரிந்தது. அடுத்த சுற்றுக்குப் போய்விட்டார்.

நான் எதிர்பார்த்த பதில் அது இல்லை. மாற்று ஏற்பாடு என்பது அதைப் பயன்படுத்தக்கூடியவனுக்குத்தான் மாற்று ஏற்பாடு. அவருக்குப் புள்ளி ஒரு வசதி அல்ல. விட்டுப்போன விளையாட்டுக்குள் திரும்பி வந்த வழி. ஒரு ஞாயிற்றுக்கிழமை தோற்பது அதற்கு அவர் கொடுக்கத் தயாரான விலை.

டார்ச் லைட்டில் ஒரு முள்

இனி என் கதை. நான் பம்ப் நிலையங்களுக்குக் கட்டுப்பாட்டு அமைப்பு வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நிலையத்தைப் புதுப்பித்தபோது, நான்கு குழாய்களிலும் இருந்த பழைய முள் வைத்த அழுத்தமானிகளைக் கழற்றச் சொல்லி வரைபடம் போட்டது நான்தான். டிஜிட்டல் டிரான்ஸ்மிட்டர்கள் வந்துவிட்டன, அளவு நேராகத் திரையில் தெரிகிறது. இரண்டும் இருந்தால் திரை ஒன்று சொல்லும், முள் இன்னொன்று சொல்லும், ஆபரேட்டர் எதை நம்புவது என்று நிற்பார். என் அறிக்கையில் அப்படித்தான் எழுதினேன். இன்று பார்த்தால் 'வேண்டாம்' கட்சியின் வாதம் அச்சு அசலாக அதுவே.

அங்கே வேலைபார்த்த மூத்த டெக்னீசியனை நாங்கள் எல்லோரும் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவோம். ஜொகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டி வருபவர். "தம்பி, ஒண்ண மட்டும் விட்டு வைங்க" என்றார். நான் விளக்கினேன். அவர் எதிர்த்துப் பேசவில்லை. மூன்று கழன்றன. நான்காவதன் தாங்கி துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டதால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விட்டார்கள்.

அந்த மாதத்துக்குள் ஒரு ராத்திரி, கட்டுப்பாட்டுப் பெட்டியின் மின்வழங்கி போனது. திரையில் நான்கு எண்களும் பூஜ்யம். பம்புகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அழுத்தம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று யாருக்கும் தெரியவில்லை. நிறுத்தினாலும் ஆபத்து, ஓடவிட்டாலும் ஆபத்து. அண்ணே டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு போய், துருப்பிடித்த அந்தத் தாங்கியில் மிச்சமிருந்த முள்ளைப் பார்த்து, தொலைபேசியில் எனக்கு அளவைச் சொன்னார். அதை வைத்துத்தான் ஒவ்வொரு பம்பாக நிறுத்தினோம். எதுவும் வெடிக்கவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நான் போட்ட வரைபடம் முழுதாக நிறைவேறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அது யாருக்கும் தெரியாமல் போனது துருவின் தயவு.

இதைச் சொல்வதால் இரும்புதான் ஜெயித்தது என்று முடித்துவிட முடியாது. அந்தத் தாய் மனிதரிடம் போய் இரும்பு வைத்திருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அடிலெய்டில் உலகப் பட்டத்தை வென்றது புள்ளி. போட்டியில் புள்ளி செத்தால் போவது ஒரு சுற்று. போலீஸ்காரரின் இடுப்பில் இருக்கும் துப்பாக்கியில் செத்தால் போவது வேறு. அதனால்தான் அங்கே உயரமான இரும்பை இன்னும் விடாமல் பொருத்துகிறார்கள். பி-40 விமானியின் மூக்குக்கு முன்னால் இருந்த வளையமும் அப்படித்தான். தோற்றால் என்ன போகும் என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தபிறகுதான் எதைக் கழற்றலாம் என்ற கேள்விக்கு வர வேண்டும். நான் தலைகீழாகப் போயிருந்தேன்.

திருத்திய வரைபடத்தில் பொதுக் குழாயில் ஒரு முள் அழுத்தமானி இருக்கிறது. ஒன்றே ஒன்று. நான்கு இல்லை, ஏனென்றால் நான்கு இருந்தால் கவனம் சிதறும் என்று இன்னமும் நம்புகிறேன். இரும்பு சைட்டை வைத்துக்கொண்டு ஒருநாளும் அதைப் பார்த்துச் சுட்டுப் பழகாதவருக்கு, புள்ளி செத்த அன்று அந்த இரும்பால் பயனில்லை. அதனால் சில போட்டியாளர்கள் அவ்வப்போது கண்ணாடியின் மேல் டேப் ஒட்டி மறைத்துவிட்டு, குச்சியை மட்டும் பார்த்துச் சுட்டுப் பழகுவார்களாம். அதைப் படித்த பிறகு பராமரிப்புப் பட்டியலில் ஒரு வரி சேர்த்தேன்: மாதம் ஒருமுறை திரையை அணைத்துவிட்டு முள்ளைப் படிக்க வேண்டும்.

முதல் மாதம் அண்ணே போனில் கூப்பிட்டு அளவைச் சொன்னார். பின்னால் ஓர் இளைஞனின் குரல் கேட்டது. யார் என்று கேட்டேன். "புதுசா சேந்த பையன். முள்ள எப்படிப் படிக்கிறதுன்னே தெரியல இவனுக்கு. சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கேன்" என்றார்.